மூன்றாவது வளைவின் கீழே

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பல்லி நாக்கைச் சொடுக்கினாற்போல. போன வாரம் கடற்கரைச் சாலை டீக்கடையில், கொதிக்கக் கொதிக்க ஊற்றியதைத் தாங்காமல் என் கையிலிருந்த கிளாஸ் விளிம்பிலிருந்து அடிவரை கீறல் விட்டது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. "ஒண்ணும் செய்யாது டீச்சர், குடிங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி. நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். சூட்டினால் இல்லை.

அந்தச் சத்தத்தை இதற்கு முன் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். கேட்டதை ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளை என்னிடமிருந்து கேட்டு வாங்கியவரைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். பழைய கட்டடங்களைப் பார்த்து, நிற்குமா நிற்காதா என்று எழுதிக் கொடுக்கிற அரசாங்கப் பொறியாளர். எங்கள் பள்ளிக்கூடத்தில் பலருக்கும் அவர் 'கட்டடத்தம்மா'. எனக்கு மேடம்.

பள்ளிக்கூடம் முத்துக் குளித்த காலத்துச் செழிப்பில் எழுப்பியது. பெண் பிள்ளைகள் மட்டும். செங்கல் குறைவு, சுவரெல்லாம் கடல் கல். தீவுகளைச் சுற்றி வளர்ந்து கிடந்த பவளப்பாறையை வெட்டித் தோணியில் கொண்டுவந்து, சிப்பி சுட்ட சுண்ணாம்பில் பதித்துக் கட்டிய மூன்றடிச் சுவர்கள். உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் பூப்பூவாகத் துளைகள். மாடியில் நீண்ட கூடம். அதைக் குறுக்கே ஐந்து வளைவுகள் தாங்குகின்றன. அவற்றின்மேல் தேக்கு உத்திரங்கள், அதற்கும் மேலே செங்கலை நெருக்கி நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மச்சு. கடலைப் பார்த்த ஜன்னல்கள் ஆள் உயரம். ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி, வராந்தா. அந்தக் கூடத்தில் கை நீட்டித் தொட்டதெல்லாம் என்றோ போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்து இங்கேயே குடியாகிவிட்ட சொற்கள்.

கூடம்தான் நூலகம். இருபத்திரண்டு வருடம் நான் அதன் நூலகர். எழுதியதையெல்லாம் அதன் நான்காவது ஜன்னலில் உட்கார்ந்துதான் எழுதினேன். வெளிவாசலில் நீலப் பலகை ஒன்று உண்டு, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று. ஓர் ஆணி அடிப்பதற்கும் பாரம்பரியக் கட்டடக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் ஆணி துருப்பிடித்துவிடும் என்பது வாட்ச்மேன் அண்ணாச்சியின் கணக்கு.

முதல் நாள் அவர் படியேறி வந்தது நினைவிருக்கிறது. ஐம்பதைத் தொட்ட வயது, குட்டையான உருவம், தோளில் ஆண்கள் மாட்டுகிற மாதிரி ஒரு பெரிய பை. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே மூன்றாவது வளைவுக்குப் போனார், சுவரில் உள்ளங்கையை வைத்தார், பிறகு கன்னத்தை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது மாதிரி. சுவரை வழித்த விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் நின்ற வாட்ச்மேன் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏ டீச்சர், அந்தம்மா செவத்த நக்கிப் பாக்குதாவ. மத்தியானச் சாப்பாடு கொண்டாரலையோ என்னமோ."

கண்ணைத் திறக்காமலேயே பதில் வந்தது. "உப்பு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. உறப்புதான் பத்தல."

அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. அதற்குச் சில வருடம் முன்பு, பள்ளியின் விழாவை ஒட்டிப் பழைய மாணவிகள் ஆசை ஆசையாகச் சேர்ந்து ஒரு வேலை செய்திருந்தார்கள். பொரிந்துபோன சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உள்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஆணிக்கு அனுமதி கேட்ட நாங்கள் அதற்குக் கேட்கவில்லை. அன்போடு செய்கிற காரியத்துக்கு யார் அனுமதி கேட்பார்கள்? விழா அன்று சுவரில் எங்கள் முகம் தெரிந்தது. இரண்டு மழை கழிந்தபோது பெயிண்டுக்குள் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்தது. மூன்றாவது மழையில் வளைவுகளின் தோளில் மயிரிழை விரிசல்கள்.

"கடல் கல்லு ஈரத்தக் குடிக்கும், அப்புறம் விடும். அதுக்கு மூச்சு அதுதான்" என்றார் தலைமையாசிரியையிடம். "சுண்ணாம்பு அத விட்டுக்குடுக்கும். சிமெண்டு விடாது. புழுங்கிச் சாவுதவளுக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்டிருக்கிய."

தலைமையாசிரியை சிரித்துச் சமாளித்தார். "பயப்படும்படியா ஒண்ணும் இல்லல்லா மேடம்?"

"பயப்படுங்க."

சிரிப்பு நின்றது. மேடம் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "ஆனா இன்னைக்கே ஓட வேண்டாம்" என்றார்.

இதுதான் அவர். இந்த ஊரில் பிறந்து விழுந்த நாள் முதல் நாங்கள் எல்லாரும் கேட்டும் சொல்லியும் வளர்ந்த ஒரு வாக்கியம் அவர் வாயில் வராது. ஒண்ணும் செய்யாது. கடலில் காற்று மாறினாலும் ஒண்ணும் செய்யாது, லாரி பிரேக் தேய்ந்தாலும் ஒண்ணும் செய்யாது, பிள்ளைக்கு நூற்றிமூன்று டிகிரி காய்ச்சல் என்றாலும் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் ஒண்ணும் செய்யாது என்று சொல்லிவிடும். அதைக் கேட்டால்தான் எங்களுக்கு மூச்சு சீராகும். அவரிடமிருந்து அதை வாங்க எத்தனையோ பேர் முயன்றார்கள். கணக்கு டீச்சர், தன் வீட்டு மாடிப்படியின் விரிசலைப் போனில் படமெடுத்துக் காட்டி, "ஒண்ணும் செய்யாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கெஞ்சியே விட்டாள். "படத்துல செவரு பேசாது. நேர்ல பாக்கேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்டோ பிடித்து, ஊருக்கு வெளியே உள்ள புதுக்கோட்டை வரை போய்ப் பார்த்தும் வந்தார். அப்போதும் சொன்னது "நிக்கும்" என்ற ஒரு சொல்தான். சொல்லிவிட்டு அந்தப் படிக்கு அடியில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டாராம்.

அது அவருடைய வழக்கம். நிற்கும் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவார். எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். ஒருநாள் படிக்கட்டு வளைவின் கீழ், ஒருநாள் கீழ் வராந்தாவில், ஒருநாள் முதல் வளைவின் கீழ். நியூஸ்பேப்பரை விரித்து, டிபன்பாக்ஸைத் திறந்து, தலைக்கு மேலே ஒருதரம் பார்த்துவிட்டு முதல் கவளத்தை எடுப்பார். நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கினேன். ஐந்து வளைவுகளில் நான்கின் கீழ் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். மூன்றாவதின் கீழ் உட்காரவில்லை. அதைத் தாண்டி ஓரடி தள்ளிப் பேப்பரை விரித்தார். நான் அதைக் கவனித்தேன். புரிந்துகொள்ள விருப்பமில்லாமல் கவனித்தேன்.

அன்றைக்குத்தான் கேட்டேன், நீங்கள் எந்த ஊர் என்று.

"தருவைகுளம். எங்கப்பா இந்தக் கல்லு எடுத்தவருதான். அப்பல்லாம் தடை கெடையாது. தீவுப் பக்கம் போயி முங்கி, கடப்பாறையால பேத்து, வல்லத்துல ஏத்துவாக." சுவரைப் பார்த்தபடியே பேசினார். "ஒருநா எங்கண்ணனும் கூடப் போனான். வல்லம் நெறஞ்சாச்சு. இன்னும் ஒரு கல்லு கெடந்திருக்கு, நல்ல கல்லு. இத ஒண்ணு ஏத்துனா ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிருக்காரு எங்கப்பா. அவரு நீந்தி வந்துட்டாரு."

அவர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"தொட்டுக்கிடுங்க டீச்சர். நெத்திலிக் கருவாடு. நேத்துதான் வந்துச்சு."

அந்த வாரம் வளைவுகளுக்குக் கண்ணாடி ஒட்டினார். உயிரியல் கூடத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்ப்போமே, அந்த மெல்லிய கண்ணாடிச் சில்லு. ஏணியில் ஏறி, விரிசலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, இரு முனையிலும் சாந்து குழைத்து அப்பி, மூலையில் கறுப்புப் பேனாவால் தேதி எழுதினார். வளைவுக்கு ஒன்று, ஆக ஐந்து.

"செவரு நூலளவு நகந்தாலும் இது தாங்காது, ஒடஞ்சிரும். அவ்வளவுதான் இதோட வேலை. தெனமும் வந்ததும் அஞ்சையும் ஒருதரம் பாத்துருங்க. ஒடஞ்சா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணணும். பண்ணுவியள்லா?"

பண்ணுவேன் என்றேன். அவர் போன பிறகு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"பாத்துக்கோங்க" என்றார். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "ஒரு கண்ணாடி ஒடஞ்சா ஹாலைப் பூட்டச் சொல்லுவாங்க. பூட்டுனா, ரிப்பேர் பண்ணக் குழு அனுமதி வரணும். வராது. புஸ்தகமெல்லாம் பின்னால தகரக் கொட்டகைக்குப் போவும். அஞ்சு வருசம் பூட்டிக் கெடந்தா, அப்புறம் ஆபத்தான கட்டடம்னு எழுதி இடிக்கச் சொல்லுவாங்க. பாதுகாக்கப்பட்ட கட்டடத்த இடிக்க வேற வழி கெடையாது. தெரியும்லா?"

தெரியும். அன்றிலிருந்து அந்த ஐந்து சில்லுகளும் என் தலைக்குள்ளும் ஒட்டிக்கொண்டன. காலையில் படியேறியதும் அண்ணாந்து பார்ப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கதவைத் திறந்தால் அறுபது பிள்ளைகள் ஜடையை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். மூன்றாவது வளைவின் கீழ்தான் கதைப் புத்தக மேஜை. அங்கேதான் கூட்டம் அதிகம்.

ஐப்பசி மழை ஓர் இரவு முழுக்கப் பெய்து விடிந்த நாள். முற்பகல், வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. கூடத்தில் நான் மட்டும். எழுதிக்கொண்டிருந்தேன்.

டிக்.

நிமிர்ந்தேன். மூன்றாவது சில்லின் நடுவில் ஒரு கோடு. வெயில் அதில் பட்டு மின்னியது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு என் கால்கள் உயிரியல் கூடத்துக்குப் போயின. ஒரு சில்லு. மாதிரி உருவங்கள் செய்ய வைத்திருந்த சாந்துப் பொடி கொஞ்சம். நானே ஏணியைச் சாய்த்தேன், நானே ஏறினேன். உடைந்ததைப் பெயர்த்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, புதியதை ஒட்டி, அவர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அதே தேதியை அதே சாய்வில் எழுதினேன். எழுத்து எனக்குக் கை வந்த வேலை. கீழே இறங்கி ஏணியைப் பிடித்தபடி நின்றபோது, யாரும் இல்லாத கூடத்தில், வாய்விட்டே சொன்னேன்: ஒண்ணும் செய்யாது.

ஒன்பது நாள். பிள்ளைகள் வந்தார்கள், மூன்றாவது வளைவின் கீழ் முட்டி மோதினார்கள், போனார்கள். நான் அந்தப் பக்கம் போகாமல் நான்காவது ஜன்னலில் இருந்தேன். ஒரு வரியும் எழுத வரவில்லை.

பத்தாவது நாள் அவர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மழைக்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று தானாகவே வந்தார். ஏணியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு வளைவாக ஏறினார். எங்கள் ஊரில் எதன்மேலும் கரித்தூசி படியும். கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை லாரிகள் அள்ளிக்கொண்டு போகிற ஊர். கொடியில் காயும் வெள்ளைத் துணிக்கு அது தெரியும், ஜன்னல் விளிம்புக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல் சில்லின்மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரல் நுனி மை தொட்டதுபோல் கறுத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இழுத்தார். விரலைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் பூத்தது போல லேசாக ஒரு படலம், அவ்வளவுதான்.

இறங்கினார். விரலைச் சேலையில் துடைக்கவில்லை.

"பத்து நாளு இருக்குமா?" என்றார்.

"ஒன்பது" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏளா" என்றார். அதுவரை டீச்சர், வாங்க, போங்க என்றுதான் பேசியிருந்தார். "ஒன் நாற்காலிய எடுத்துட்டு வா. இங்கன, இதுக்கு நேர் கீழ போடு. உக்காரு."

போட்டேன். உட்கார்ந்தேன். அவர் போய் என் நான்காவது ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் நடுவில் பதினைந்தடி இருக்கும்.

"அடுத்த பீரியடு லைப்ரரி யாருக்கு?"

"ஆறாம் வகுப்பு. ரெண்டு செக்சனும்."

"எத்தன பிள்ளைய?"

"அறுபது."

"மணி அடிக்க எட்டு நிமிசம் இருக்கு. நான் எதுவும் சொல்லப் போறதில்ல. அதுக வரலாமா வேண்டாமான்னு நீ சொல்லு. வரலாம்னா, நீ அங்கனயே இரு. நானும் அங்கன வந்து உக்காருதேன்."

அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். இத்தனை வருடம் அந்த வளைவைப் பக்கவாட்டில், ஜன்னலிலிருந்து, வெளிச்சம் விழுகிற அழகோடுதான் பார்த்திருக்கிறேன். கீழிருந்து பார்த்தால் அது வேறு. அது முழுக்க எடை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லிடம் சாய்ந்து, நீ பிடித்துக்கொள்வாய் அல்லவா என்று கேட்டபடி அந்தரத்தில் நிற்கிறது. உச்சியிலிருந்து சுண்ணாம்புத் துகள் ஒன்று சுழன்று சுழன்று இறங்கி என் புடவை மடிப்பில் விழுந்தது. உளுந்தளவுகூட இல்லை.

அவர் ஜன்னலிலிருந்து அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிடிவாதமாக உட்கார்ந்தே இருந்திருப்பேன். அவர் பயந்துகொண்டிருந்தார். எனக்காக.

மணி அடித்தது. நாற்காலி விழுந்த சத்தம் பின்னால் கேட்டது. படிக்கட்டின் திருப்பத்தில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். முதல் வரிசைப் பிள்ளைகள் என்மேல் வந்து மோதின.

"டீச்சர், லைப்ரரி இல்லையா?"

"இல்ல."

"நாளைக்கி?"

"இல்ல."

"ஏன் டீச்சர் அழுதிய?"

"தூசி விழுந்துட்டுளா. போங்க, எல்லாரும் கீழ போங்க."

திரும்பி வந்தபோது அவர் தன் ஆய்வுப் பேரேட்டை என் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். தேதி எழுதி, மூன்றாவது வளைவு என்று எழுதி, அதற்கு எதிரே கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"ஒடஞ்சது எப்போன்னு நீதான கண்ட. நீயே எழுது."

பூசி மெழுகி ஏதாவது எழுதலாமா என்று வார்த்தை தேடினேன். என்னிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமா? அவர் காத்திருந்தார். கடைசியில், கண்ணாடி உடைந்ததை மறைத்து வேறு ஒட்டியது நான், ஒன்பது நாள் ஆகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கைக்குட்டையிலிருந்த உடைந்த சில்லை எடுத்து வைத்தேன். அதை ஒரு சின்ன உறைக்குள் போட்டு, அந்தப் பக்கத்திலேயே ஒட்டினார். அறிக்கை மேலே போயிற்று. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஓராண்டுச் சம்பள உயர்வு நின்றது. அவர் அதைத் தடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் தடுத்திருக்க மாட்டார்.

மூன்றாவது வளைவுக்குச் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். கூடத்தைப் பூட்டினார்கள். புத்தகங்கள் தகரக் கொட்டகைக்குப் போயின. மதியத்தில் அங்கே நெருப்பாய்க் கொதிக்கும். பிள்ளைகள் ஐந்து நிமிடம் நின்று, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். உட்கார்ந்து படிப்பதற்கு யாருமில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. மூன்றாவது வளைவில் அவர் புதிதாக ஒட்டிய சில்லு இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. உடையவில்லை. மற்ற நான்கும் உடையவில்லை. ஒரே ஒருநாள், ஒரே ஒரு டிக். அதோடு சுவர் அடங்கிவிட்டதா, அல்லது முட்டுக் கட்டைதான் தாங்கிக்கொண்டிருக்கிறதா? யாருக்கும் தெரியாது. "ஒரு துண்டுக் கண்ணாடிக்காக" என்று தலைமையாசிரியை ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். வாட்ச்மேன் அண்ணாச்சி முடித்து வைப்பார்: "விழவும் இல்ல, தொறக்கவும் இல்ல. அந்தம்மா செவத்துக்கு மந்திரம் போட்டுட்டுல்லா போயிருக்காவ." மச்சின் ஓரத்தில் ஆலங்கன்று ஒன்று துளிர்த்திருக்கிறது. அதைப் பிடுங்கவும் அனுமதி கேட்டிருக்கிறோம்.

போன மாதம் அவருக்கு வடக்கே மாற்றல். கடைசி நாள் வந்தார். சாவி என்னிடம்தான். இருவரும் ஏறிப்போய்ப் பூட்டைத் திறந்தோம். அடைபட்ட கூடத்தில் ஈரச் சுண்ணாம்பின் வாசம். நான்காவது ஜன்னலைத் திறந்துவிட்டேன். கடல் உள்ளே வந்தது. ஐந்து சில்லுகளையும் கீழே நின்றபடி அண்ணாந்து பார்த்தார். எப்போதும்போல மூன்றாவது வளைவுக்கு ஓரடி தள்ளி நின்றார்.

"இது விழாதுதானே?" என்றேன்.

"தெரியாது."

"விழாமலேயே நின்னுட்டா? அப்ப இத்தன பிள்ளைக படிக்காமப் போன இத்தன நாளு?"

உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். "அதத்தான் நானும் தெனமும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்த முகத்தில் தூங்காத கண்களை அன்றுதான் பார்த்தேன். நிற்கும் என்று எழுதிய கட்டடங்கள் அவரைத் தூங்க விட்டிருக்கலாம். இது விடவில்லை.

இறங்கி வந்தோம். வெளிவாசலில் நீலப் பலகைக்குப் பக்கத்தில் ஆட்டோ நின்றது. எனக்கு என்னவோ ஆயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒரே ஒரு தடவ. எனக்காக. ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் வாயைத் திறந்தார். உதடு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குக் குவிந்ததுகூடத் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டு, பையைத் துழாவி ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். மிச்சமிருந்த சில்லுகள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் கிளப்பிய பிறகு, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"மாசம் ஒருக்கா ஏறிப் பாரு. கண்ணாடிய மட்டும் தொடைச்சிராதளா."